உங்கள் மொட்டை மாடி எத்தனை மில்லிமீட்டர் மழையைத் தாங்கும்? ஐப்பசிக்கு முன் போட வேண்டிய ஒரு கணக்கு!

இரவு இரண்டு மணி. வெளியே ஐப்பசி மழை கொட்டுகிறது. மேல்தளத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுகிறார்கள். "மாடியில தண்ணி நிக்குது, படிக்கட்டு வழியா இறங்குது!" கையில் டார்ச்சும் துடைப்பக் குச்சியுமாக இரண்டு பேர் மேலே ஓடுகிறார்கள். குழாய் வாயை அடைத்திருந்த வேப்பிலைகளையும் ஒரு பால் கவரையும் அள்ளி எறிந்ததும் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்குகிறது. அப்பாடா என்று கீழே வந்து தலையைத் துவட்டுகிறார்கள்.

அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் மட்டம் குறையவே இல்லை. அடைப்பு இல்லை. குழாயும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பிறகு ஏன்?

அந்தக் குழாய் அந்த மழைக்குச் சின்னது. அவ்வளவுதான் விஷயம். ஆனால், 'அப்படியானால் எந்த மழைக்கு அது சரியானது?' என்று வீடு கட்டும்போது மேஸ்திரியிடம் யாரும் கேட்பதில்லை. "ரெண்டு மூலையில ரெண்டு பைப் போட்டுடலாம் சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். உங்கள் வீட்டு மொட்டை மாடியில் தொடங்கி, தெருவோர வடிகால், சுரங்கப்பாதை, விமான நிலைய ஓடுதளம் வரை மழைத்தண்ணீர் போகும் ஒவ்வொரு வழிக்கும் பின்னால் இந்தக் கேள்விக்கான பதில் ஒன்று ஒளிந்திருக்கிறது. பொறியாளர்கள் அதை 'டிசைன் ஸ்டார்ம்' என்கிறார்கள். 'இவ்வளவு மழை வரை சமாளிக்கும். அதற்கு மேல் பெய்தால் தேங்கும்' என்று முன்கூட்டியே முடிவு செய்யப்பட்ட மழை. தமிழில் 'வடிவமைப்பு மழை' எனலாம்.

டி.வி.யில் ஓடும் நம்பர் வேறு, குழாய்க்குத் தெரிந்த நம்பர் வேறு

'நுங்கம்பாக்கத்தில் 10 செ.மீ. மழை' என்று செய்தியில் ஓடும். இது ஒரு நாள் காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரை பெய்த மொத்த மழை. ஏரிக்கும் அணைக்கும் இந்தக் கணக்கு உதவும். குழாய்க்கு உதவாது.

அதே 10 செ.மீ. மழை 24 மணி நேரமும் சீராகத் தூறினால் மணிக்கு ஒரு நாலைந்து மி.மீ. கணக்குதான். எந்த ஓட்டைக் குழாயும் அதை விழுங்கிவிடும். ஆனால், ஒரே மணி நேரத்தில் 10 செ.மீ. கொட்டினால்? வானிலை ஆய்வு மையத்தின் இலக்கணப்படி அதன் பெயர் மேகவெடிப்பு. மறுநாள் செய்தியில் இரண்டுக்கும் ஒரே நம்பர்தான் வரும்.

2021 டிசம்பர் 30 அன்று பிற்பகல் சென்னையில் யாரும் எதிர்பாராமல் கொட்டிய மழை ஞாபகம் இருக்கிறதா? சில மணி நேர மழைதான். அலுவலகம் விட்டுக் கிளம்பியவர்கள் நள்ளிரவு வரை சாலையில் நின்றார்கள். ஒரு நாள் மழையைச் சில மணி நேரத்தில் இறக்கினால் வடிகால் என்ன செய்யும் என்பதற்கு அது ஒரு பாடம்.

ஆகவே வடிகால் கணக்கில் அலகு 'மணிக்கு எத்தனை மில்லிமீட்டர்' என்பதுதான். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மொட்டை மாடியின் கடைக்கோடியில் விழும் துளி, குழாய் வாய்க்கு வந்துசேர ஓரிரு நிமிடம் போதும். தெருத் தண்ணீர் வடிகால் முனைக்குப் போய்ச்சேர கால் மணி, அரை மணி ஆகும். ஆற்றுக்கு மணிக்கணக்கு. ஐந்து நிமிடத்தில் 12 மி.மீ. பெய்து பிறகு தூறலாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரத்தின் மொத்த மழை சாதாரணமாகத்தான் தெரியும். ஆனால், அந்த ஐந்து நிமிடத்துக்கு மாடியைப் பொறுத்தவரை அது மணிக்கு 144 மி.மீ. வேகத்து மழை! அதனால்தான் கூரைக் குழாய்க்குத் தெரு வடிகாலைவிடக் கடுமையான மழையைக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. நடைமுறையில் நடப்பது நேர் எதிர். தெரு வடிகாலுக்காவது ஒரு பொறியாளர் கணக்குப் போடுகிறார். மாடிக்குழாய்க்கு யாரும் போடுவதில்லை.

3 இன்ச்சா, 4 இன்ச்சா?

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை விழுந்தால் 1 லிட்டர் தண்ணீர். 1,000 சதுர அடி மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். மணிக்கு 100 மி.மீ. மழை பெய்தால் ஒரு மணி நேரத்தில் 9,300 லிட்டர். கோடையில் காத்திருந்து வாங்கும் ஒரு தண்ணீர் லாரி, முழுசாக உங்கள் மாடியில் கவிழ்க்கப்படுகிறது என்று அர்த்தம்.

இதை இறக்க எத்தனை குழாய் வேண்டும்? தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இதற்கென்றே ஓர் அட்டவணை இருக்கிறது. மணிக்கு 50 மி.மீ. மழைக்கு, 100 மி.மீ. விட்டமுள்ள குழாய், அதாவது கடையில் '4 இன்ச் பைப்' என்று கேட்டு வாங்குவது, 85.4 சதுர மீட்டர் கூரையைக் கவனித்துக்கொள்ளும். மழை 100 மி.மீ. ஆனால் அதே குழாய்க்கு 42.7 சதுர மீட்டர்தான் முடியும். 150 மி.மீ. என்றால் 28.5. அதாவது உங்கள் 1,000 சதுர அடி மாடிக்கு 100 மி.மீ. மழைக்கு மூன்று 4 இன்ச் குழாய் வேண்டும். 150 மி.மீ. மழைக்கு நான்கு.

இப்போது 3 இன்ச் குழாயைப் பாருங்கள். மணிக்கு 100 மி.மீ. மழையில் அதன் சக்தி 20.4 சதுர மீட்டர் மட்டுமே. 4 இன்ச் குழாயில் பாதிகூட இல்லை. ஓர் இன்ச் குறைந்ததற்கு இந்த அடி. கட்டுமானச் செலவில் இந்த ஓர் இன்ச்சுக்கான வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஆனாலும் பல வீடுகளில் இரண்டே இரண்டு 3 இன்ச் குழாய்தான் இருக்கும். அட்டவணைப்படி 100 மி.மீ. மழைக்கு அந்த 1,000 சதுர அடி மாடிக்கு இவை ஐந்து வேண்டும்.

'குழாய் முழுசும் தண்ணீர் ஓடினால் இன்னும் நிறைய இறங்காதா?' என்று தோன்றலாம். செங்குத்துக் குழாயில் தண்ணீர் நிறைந்து ஓடுவதில்லை. உட்சுவரை ஒட்டிச் சுழன்று இறங்கும். நடுவில் காற்று இருக்கும். தவிர, எவ்வளவு இறங்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது குழாயின் வாய்தான். அந்த வாயில் ஜாலி, ஜாலியின் மேல் இலை, அதன் மேல் கிழிந்த பாலிதீன் பை. அட்டவணை சொல்லும் அளவு சுத்தமான குழாய்க்கு மட்டும்.

தண்ணீருக்கும் எடை உண்டு

இரண்டு 3 இன்ச் குழாய் வீட்டில் 100 மி.மீ. மழை ஒரு மணி நேரம் அடித்தால் என்ன ஆகும்? வருவது 9,300 லிட்டர். அட்டவணைப்படி இறங்குவது 4,080 லிட்டர். மீதி 5,200 லிட்டர் மாடியிலேயே நிற்கும். மட்டம் ஏற ஏறக் குழாயும் கொஞ்சம் வேகமாக இழுக்கும் என்பதால் உண்மையில் இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கலாம். ஆனாலும் ஏறத்தாழ 5 டன்!

சாதாரணமாக ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு, அதன் சொந்த எடை போக, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பாரத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது இந்தியத் தரநிர்ணயம். யாரும் ஏறாத கூரை என்றால் பாதி, 75 கிலோதான். 10 செ.மீ. தண்ணீர் நின்றால் சதுர மீட்டருக்கு 100 கிலோ. இதற்கு மேல் பாதுகாப்புக்கென ஒரு கூடுதல் அளவும் சேர்த்துத்தான் கட்டடம் கட்டப்படுகிறது என்பதால் நல்ல கான்கிரீட் தளம் உடனே விழுந்துவிடாது; பயப்பட வேண்டாம். ஆனால், கம்பி துருப்பிடித்த பழைய தளம், பிற்பாடு மாடியில் தகரம் போட்டுக் கட்டிய அறை, வாட்டம் போய் நடுவில் பள்ளம் விழுந்த கூரை ஆகியவற்றின் கதை வேறு. பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். அந்த எடையில் கூரை இன்னும் கொஞ்சம் வளையும். வளைந்த இடத்தில் இன்னும் தண்ணீர் சேரும்.

ஆஸ்திரேலியாவின் கூரை வடிகால் தரநிர்ணயத்தில் ஒரு விஷயம் யோசிக்க வைக்கிறது. வீட்டுக்கு வெளியே கூரை ஓரத்தில் தொங்கும் தகரக் கால்வாய்க்கு 20 ஆண்டுகளில் ஒரு முறை வரக்கூடிய ஐந்து நிமிட மழையை எடுக்கிறார்கள். இரண்டு கூரைகளுக்கு நடுவே, கட்டடத்துக்குள் அமைந்த கால்வாய்க்கு 100 ஆண்டுகளில் ஒரு முறை வரக்கூடிய மழை. காரணம் எளிது. வெளியே வழிந்தால் தோட்டம் நனையும். உள்ளே வழிந்தால் வீடு நனையும். கைப்பிடிச் சுவர் சுற்றிக் கட்டிய நம்மூர் மொட்டை மாடி இதில் எந்த ரகம்? நாலு பக்கமும் அடைத்த ஒரு தொட்டி அது. வழிய வேறு இடம் கிடையாது, மாடிப்படிக் கதவைத் தவிர.

'100 ஆண்டு மழை' என்றால் 100 ஆண்டுக்கு நிம்மதியா?

'20 ஆண்டுகளில் ஒரு முறை', '100 ஆண்டுகளில் ஒரு முறை' என்ற பேச்சு பலரையும் ஏமாற்றிவிடுகிறது. போன வருஷம்தானே வந்தது, இனி பேரன் காலத்தில்தான் வரும் என்று நினைத்துவிடுகிறார்கள். அது அப்படியல்ல. ஐந்து ஆண்டு மழை என்றால், ஒவ்வொரு வருஷமும் அந்த அளவு மழை வர ஐந்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று பொருள். தாயக்கட்டை உருட்டுவதுபோலத்தான், போன முறை தாயம் விழுந்ததா என்பது கட்டைக்கு ஞாபகம் இருக்காது. அடுத்த ஐந்து வருஷத்தில் ஒரு முறையாவது அது வருவதற்கான வாய்ப்பு 67 சதவிகிதம். 100 ஆண்டு மழையேகூட, 20 வருஷ வீட்டுக் கடன் முடிவதற்குள் வந்துவிட 18 சதவிகித வாய்ப்பு உண்டு.

இந்த வாய்ப்பையெல்லாம் பழைய மழைப் பதிவுகளை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவிகிதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். ஆக, அப்பா காலத்துப் பதிவை வைத்து, மகள் காலத்து மழையைக் கணிக்கிறார்கள். நேற்றைய 'பத்தாண்டு மழை' இன்றைக்கும் பத்தாண்டு மழைதானா என்பதில் யாராலும் உறுதி சொல்ல முடியாது.

தெருவில் தண்ணீர் நிற்பது திட்டப்படிதான்!

இனி மாடியை விட்டு இறங்கித் தெருவுக்கு வரலாம். இங்கேதான் பலருக்கும் அதிர்ச்சி காத்திருக்கிறது.

இந்திய நகரங்களின் வடிகாலுக்கு வழிகாட்டுவது மத்திய அரசின் பொது சுகாதாரப் பொறியியல் அமைப்பு வெளியிடும் கையேடு. 1993-ம் ஆண்டுக் கையேட்டில், நகரின் புறப்பகுதிக் குடியிருப்புகளில் வருஷத்துக்கு இரண்டு முறை தண்ணீர் தேங்கலாம் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது. நகர மையத்திலும் விலை உயர்ந்த பகுதிகளிலும் வருஷத்துக்கு ஒரு முறை. கடைவீதி, வணிகப் பகுதி என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. எழுத்துப்பிழை அல்ல, இதுதான் விதி. கழுத்தளவு வெள்ளத்தைச் சொல்லவில்லை. வடிகால் நிரம்பித் தெருவுக்கு வருவதைச் சொல்கிறது. ஆனாலும், மனையின் விலையைப் பார்த்து வடிகாலின் அளவை முடிவு செய்த விதி இது. புறநகரில் வீடு வாங்கியவர்கள் மழைக்கு மழை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்ததற்கு, பாதிக் காரணம் இந்தத் தாளிலேயே இருக்கிறது.

2019-ல் மழைநீர் வடிகாலுக்கென்றே தனிக் கையேடு வந்தது. பெருநகரங்களின் முக்கியப் பகுதிகளுக்கு ஐந்து ஆண்டு மழையை எடுக்கச் சொன்னது. விமான நிலையம் போன்ற இடங்களுக்கு 50 முதல் 100 ஆண்டு மழை. நல்ல மாற்றம்தான். ஆனால், கையேடு மாறிய மறுநாளே பூமிக்கடியில் இருக்கும் வடிகால் அகலமாகிவிடாதே!

மும்பையின் கதை இதற்கு நல்ல சாட்சி. ஆங்கிலேயர் காலத்து வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்கு அமைந்தவை. அதை 50 மி.மீ. ஆக்க வேண்டும் என்று 1993-ல் 'பிரிம்ஸ்டோவாட்' என்ற திட்டம் பரிந்துரைத்தது. வேலை ஆமை வேகத்தில் நடந்துகொண்டிருந்தபோது, 2005 ஜூலை 26 வந்தது. சான்டாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. அதே நாளில், அதே நகரத்தின் தென்கோடியான கொலாபாவில் வெறும் 73 மி.மீ.! ஒரே நகரத்துக்கு ஒரே நம்பர் என்பதும் சரிப்படாது என்று அன்றைக்குத் தெரிந்தது.

தமிழ்நாட்டுக்கு வந்தால், 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ.; நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. சென்னையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் மழையே சராசரியாக 140 செ.மீ. அளவுதான். இந்த மாதிரி மழையை எந்த நாட்டு வடிகாலும் விழுங்காது. அதற்காக வடிகால் கட்டவும் முடியாது. அப்போது தேவைப்படுவது ஏரி, கால்வாய், முன்னெச்சரிக்கை, படகு. ஆனால், ஒவ்வொரு சாதாரண மழைக்கும் முழங்கால் அளவு தேங்கினாலும் 'வரலாறு காணாத மழை' என்று சொல்லித் தப்பிப்பது வேறு விஷயம். இரண்டையும் பிரித்துப் பார்க்க உதவும் ஒரே அளவுகோல் அந்த மி.மீ. கணக்குதான்.

மழை மாறவில்லை, மனை மாறிவிட்டது

மழை கூடாமலேயே வடிகால் பற்றாமல் போவதும் உண்டு. ஒரு கிரவுண்டு மனை என்பது 2,400 சதுர அடி. அதில் 100 மி.மீ. மழை பெய்தால் 22,300 லிட்டர். மாமரமும் மண்ணும் இருந்த பழைய தோட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு தெருவுக்கு ஓடும் என்று வைத்தால் 4,500 லிட்டர். அதே மனையில் அடுக்ககம் வந்து, மிச்ச இடத்துக்கு கார் நிறுத்த டைல்ஸ் போட்டுவிட்டால் பத்தில் ஒன்பது பங்கு ஓடும், 20,000 லிட்டர். நான்கு மடங்குக்கும் மேல்! தி.நகர், மாம்பலம் தெருக்களில் தனி வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்ககங்களாக மாறியபோது, வாசலில் ஓடும் வடிகாலை யாரும் நான்கு மடங்கு பெரிதாக்கவில்லை.

இன்னொரு கொடுமை, மாடித் தண்ணீரைப் பாதாள சாக்கடையில் விடுவது. 'மழைத்தண்ணீர்தானே, சுத்தமானதுதானே' என்று மேன்ஹோலில் இணைத்துவிடுகிறார்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவிகிதம் கழிவாகும் என்பது நகரங்களுக்கான கணக்கு. நால்வர் குடும்பம் ஒரு நாள் முழுக்க விடும் கழிவுநீர் 432 லிட்டர். அந்தக் குழாயில் ஒரே மணி நேரத்தில் 9,300 லிட்டரை இறக்கினால்? தெருக்கோடியில் தாழ்வாக இருக்கும் யாரோ ஒருவரின் தரைத்தளக் கழிவறை வழியாக அது மேலே வரும். இணைத்தவர் மூன்றாவது மாடியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார். மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் விடாதீர்கள் என்று குடிநீர் வாரியம் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது.

ஐப்பசிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை

டேப் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். நீளம், அகலம், குழாய்களின் விட்டம், எண்ணிக்கை. மேலே சொன்ன கணக்கைப் போட அஞ்சு நிமிஷம் போதும். பக்கத்து உயரமான சுவரிலிருந்து வழியும் தண்ணீரும், மேல்தண்ணீர்த் தொட்டி அறையின் கூரைத் தண்ணீரும் உங்கள் மாடிக்குத்தான் வரும் என்பதை மறக்க வேண்டாம். பிறகு நான்கைந்து பக்கெட் தண்ணீரைக் கடைக்கோடியில் ஊற்றிப் பாருங்கள். குழாயை நோக்கி ஓடுகிறதா, நடுவில் நின்றுவிடுகிறதா என்பதிலேயே வாட்டம் தெரிந்துவிடும்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். ஆனால் 4 இன்ச் குழாயைக் கொண்டுபோய், மணலும் ஜல்லியும் நிரப்பிய சின்ன வடிகட்டித் தொட்டியில் முடித்திருந்தால், பெருமழையில் அந்தத் தொட்டிதான் அடைப்பு. தொட்டி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறத் தனி வழி இருக்கிறதா என்று பாருங்கள். அடுக்ககம் என்றால் கார் இறங்கும் சரிவுப்பாதை எங்கே முடிகிறது என்பதையும் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். தில்லியில் 2024 ஜூலையில் ஒரு பயிற்சி மையத்தின் அடித்தள நூலகத்துக்குள் மழைத்தண்ணீர் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அடித்தளத்தில் வாட்ச்மேன் படுக்கிறார், ஜெனரேட்டர் இருக்கிறது என்றால் இது தள்ளிப்போடும் விஷயமல்ல.

உங்கள் தெருவில் புதிதாக வடிகால் தோண்டுகிறார்களா? 'எவ்வளவு செலவு' என்பதோடு, 'மணிக்கு எத்தனை மி.மீ. மழைக்கு, எத்தனை ஆண்டு மழைக்கு' என்றும் கேட்கலாம். வார்டு கவுன்சிலரிடம் கேட்கலாம். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். வடிகால் எங்கே போய் முடிகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சென்னை கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். அடையாறோ கூவமோ பொங்கி ஓடும்போதும், கடலில் ஓதம் ஏறும்போதும், எவ்வளவு பெரிய வடிகாலானாலும் தண்ணீர் வெளியேறாமல் காத்துத்தான் கிடக்கும்.

மாடியில் இன்னொரு குழாய் இறக்க முடியாத வீடுகளுக்கு ஒரு வழி இருக்கிறது. கைப்பிடிச் சுவரில், தரையிலிருந்து நான்கைந்து செ.மீ. உயரத்தில், மாடிப்படிக் கதவின் வாசற்படியைவிடத் தாழ்வாக ஒரு வழிவாய். இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. சாதாரண நாளில் அதற்கு வேலையே இருக்காது. குழாய் அடைத்துக்கொண்டாலோ, திணறினாலோ, தண்ணீர் அதன் வழியாக வெளியே கொட்டும். அமெரிக்கக் கட்டட விதிகளில் கைப்பிடிச் சுவர் சூழ்ந்த கூரைகளுக்கு இப்படி இரண்டாவது வழி கட்டாயம். கீழே நடைபாதையோ பக்கத்து வீட்டு ஜன்னலோ இல்லாத பக்கமாக இடம் பார்த்து, சுவரிலிருந்து தள்ளி விழும்படி ஒரு முழம் பி.வி.சி. குழாயை வெளியே நீட்டி, சுற்றிலும் ஒழுகாமல் பூசிவிட்டால் போதும். ஒரு கொத்தனாருக்கு அரை நாள் வேலை.